படி தாண்டியவளுக்கு வைத்த பெயர்கள்

நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “‘விபச்சாரி’ என்று எழுதாதே, ‘பாலியல் தொழிலாளி’ என்று எழுது என்கிறார்கள். ‘தேவடியாள்’கூட ஒரு காலத்தில் கோயிலில் மரியாதையாக வழங்கிய பெயர்தான். இன்று அதைவிடக் கேவலமான வசை தமிழில் இல்லை. நாளைக்குப் ‘பாலியல் தொழிலாளி’க்கும் அதே கதிதானே? பெயரை மாற்றி என்ன ஆகப்போகிறது?”

அதே கதிதான். நாளைக்கு என்ன, இன்றைக்கே தொடங்கிவிட்டது. டீக்கடை பெஞ்சில் ஒருத்தன் இன்னொருத்தனைச் சீண்டுவதற்கு இந்தப் புதுச் சொல்லை இழுத்து இழுத்துச் சொல்லிச் சிரித்ததை நானே கேட்டிருக்கிறேன். ஆனால் அதனால் பெயர் மாற்றம் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. நாளிதழ் மேசையில் இருபது வருஷத்துக்கு மேல் செய்தி திருத்தியவன் நான். இந்தச் சொற்களை அடித்தும் இருக்கிறேன், அப்படியே அச்சுக்கு அனுப்பியும் இருக்கிறேன். ஒரு சொல் எங்கே கெடுகிறது, யார் கையில் கெடுகிறது என்று பார்த்தால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘தேவடியாள்’ என்பதன் மூலமான தேவரடியாரிலிருந்தே வருவோம். தேவர், அடியார் இரண்டும் சேர்ந்த சொல். சைவத்தில் அடியார் என்பதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. திருத்தொண்டத்தொகையில் சுந்தரர் ‘அடியார்க்கும் அடியேன்’ என்றுதான் ஒவ்வொருவராகக் கும்பிட்டுக்கொண்டு போகிறார். அந்தச் சுந்தரர் திருவாரூரில் மணந்துகொண்ட பரவையார், கோயிலில் ஆடிப் பாடும் உருத்திர கணிகையர் குலத்தில் பிறந்தவர். பெரியபுராணம் அதை மறைக்கவும் இல்லை, அதற்காக முகம் சுளிக்கவும் இல்லை. ஆண் அடியாரானால் பிராகாரத்தில் சிலையாக நிற்கிறார். பெண் அடியாளின் பெயரைத்தான் தெருச்சண்டையில் ஆளுக்கு ஆள் எறிகிறோம்.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 400 ‘தளிச்சேரிப் பெண்டுகள்’, அதாவது கோயிலை ஒட்டிய தெருக்களில் குடிவைத்த கோயில் பெண்கள், பெயரைப் பட்டியல் போடுகிறது. 1014ஆம் ஆண்டை ஒட்டியது. ஆளுக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல். தெருவின் இன்ன சிறகில் (வரிசையில்) இத்தனையாவது வீடு, இன்ன ஊர்க் கோயிலிலிருந்து வந்த நக்கன் இன்னார், பங்கு ஒன்று. விவரம் அவ்வளவுதான். நக்கன் என்பது அவர்கள் எல்லார் பெயருக்கும் முன்னால் வரும் பட்டம். இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி என்ற அடையாளம் அங்கே தேவைப்படவில்லை. மற்ற ஊர்க் கல்வெட்டுகளில் இதே தேவரடியார்கள் விளக்கெரிக்கப் பொன்னும் நிலமும் கொடுத்திருக்கிறார்கள். கோயிலில் வாங்குகிறவர்களாக மட்டுமல்ல, கொடுக்கிறவர்களாகவும் இருந்தார்கள்.

இதை வைத்துக்கொண்டு பொற்காலம் என்று பாட வேண்டாம். பிழைக்க வழியில்லாமல் தங்களையும் பிள்ளைகளையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்களின் கல்வெட்டுகளும் அதே சோழநாட்டில் கிடைக்கின்றன. எல்லாம் வெள்ளைக்காரன் வந்து கெடுத்தது என்று சொல்வதும் எனக்கு ஒப்பாது. குறளில் ‘வரைவின் மகளிர்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. பொருளுக்காக வரும் பெண்ணின் தழுவல், இருட்டறையில் முன்பின் தெரியாத பிணத்தைத் தழுவியது போல என்கிறது 913ஆம் குறள். அந்த அதிகாரம் முழுக்க ஆணுக்குச் சொல்லும் புத்தி. அவளை நோக்கி ஒரு வார்த்தை கிடையாது.

சங்கப் பாட்டில் பரத்தைக்குக் குறைந்தபட்சம் ஒரு வாய் இருந்தது. குறுந்தொகையின் எட்டாம் பாட்டு அவள் பேசுவது. தலைவன் எங்கள் வீட்டுக்கு வந்தால் பெரிய பேச்சு பேசுகிறான், தன் வீட்டுக்குப் போனால் கண்ணாடியில் தெரியும் பாவை மாதிரி, பிள்ளையின் தாய் கையைத் தூக்கினால் கையையும் காலைத் தூக்கினால் காலையும் தூக்குகிறான் என்கிறாள். இப்படி ஒருத்தனை அவள் கிண்டலடித்து, அதைத் தொகுத்தவர்களும் தள்ளாமல் வைத்திருக்கிறார்கள். நான் திரும்பத் திரும்பப் படித்துச் சிரிக்கும் பாட்டு அது.

சரி, பின்னாளில் என்ன நடந்தது? ராஜாக்கள் போனார்கள், மானியம் சுருங்கியது, புதுக் கோர்ட்டுகள் வந்தன. கோயிலிலும் அரண்மனையிலும் ஆடிப் பாடிய, சொந்தமாகச் சொத்து வைத்திருந்த, தாய்வழியில் குடும்பம் நடத்திய பெண்ணை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அந்தக் கோர்ட்டுக்குத் தெரியவில்லை. அதனிடம் இருந்தவை இரண்டே கட்டம்: மனைவி, அல்லது விபச்சாரி. 1860இல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகள் சிறுமிகளை விபச்சாரத்துக்கு விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கின. பொட்டுக்கட்டும் வழக்குகள், அதாவது பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுத் தாலி கட்டும் சடங்கு பற்றியவை, அந்தப் பிரிவுகளுக்குள் வந்தன. சின்னப் பெண்ணுக்குப் பொட்டுக்கட்டியது கொடுமை, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வழக்குகளின் போக்கில் ஒரு கூட்டத்துக்கே தொழிற்பெயர் எழுதி முடித்தாகிவிட்டது.

முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். தேவதாசி முறைக்கு எதிரான சட்டம் 1947இல் நிறைவேறியது. அவருடைய தாயார் சந்திரம்மாளே அந்த மரபில் வந்தவர், அதனால் அந்த வசையின் எடை அவருக்கு நன்றாகத் தெரியும். சட்டம் வேண்டியதுதான். எனக்கு உறுத்துவது பக்கத்திலேயே நடந்த இன்னொரு விஷயம். 1932இல் சென்னை மியூசிக் அகாடமியில், தேவதாசிகள் ஆடிவந்த சதிருக்குப் ‘பரதநாட்டியம்’ என்று பெயர் வைத்தார்கள். ஆட்டத்துக்கு மரியாதையான பெயர் கிடைத்து அது நல்ல குடும்பத்துப் பெண்கள் படிக்கிற கலையாயிற்று. ஆடிக்கொண்டிருந்தவர்களிடம் பழைய பெயர்தான் மிஞ்சியது. அந்தக் குடும்பங்கள் ‘இசை வேளாளர்’ என்று புதுப் பெயர் எடுத்துக்கொண்டதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். பெயர் மாற்றுவதால் என்ன லாபம் என்று அவர்களைப் போய்க் கேட்க முடியாது.

அந்தக் காலத்தில் இந்த வசையை நேராகத் திருப்பிக் கேட்ட ஒருத்தர், தேவதாசி மரபில் வந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். தஞ்சை மராட்டிய அரசவையில் 18ஆம் நூற்றாண்டில் இருந்த முத்துப்பழனி என்பவர் தெலுங்கில் எழுதிய ‘ராதிகா சாந்த்வனமு’ காவியத்தை நாகரத்தினம்மாள் 1910இல் பதிப்பித்தார். ராதையின் ஆசையை ஒளிக்காமல் சொல்லும் நூல் அது. ஏற்கெனவே வந்திருந்த பதிப்பில், எழுதியவள் தாசி என்று தெரியும் வரிகளும் சிருங்காரப் பாட்டுகளும் வெட்டப்பட்டிருந்தன. அவற்றை எல்லாம் சேர்த்து இவர் போட்டார். விதவை மறுமணத்துக்காகப் பாடுபட்ட பெரிய சீர்திருத்தக்காரர் கந்துகூரி வீரேசலிங்கம் அந்தக் கவிஞரை ஒழுக்கம் கெட்டவள் என்றும், பெண் வாயில் வரத்தகாத பேச்சு என்றும் எழுதினார். வெட்கம் பெண்ணுக்கு மட்டும்தானா, ஆண்கள் இதைவிடப் பச்சையாக எழுதிய நூல்களை நீங்களே பார்த்துப் பதிப்பித்தீர்களே என்பதுதான் நாகரத்தினம்மாள் கேட்டதன் சாரம். புத்தகத்தைச் சர்க்கார் தடை செய்தது. தடை நீங்குவதற்குச் சுதந்திரம் நெருங்கும் காலம்வரை ஆனது. திருவையாற்றில் தியாகராஜர் சமாதியை எழுப்பியவரும் இதே அம்மாள்தான். அங்கே ஆராதனையில் உட்கார்ந்து தலையாட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

இப்போது வசைகளைக் கொஞ்சம் வரிசையாக வைத்துப் பாருங்கள். கூத்தி, கூத்தியாள்: கூத்தாடுகிறவள் என்பது மூலம். சிறுக்கி: சின்னப் பெண், வேலைக்காரப் பெண். முண்டை: மொட்டையடித்த விதவை. அறுதலி: தாலி அறுத்தவள். கம்மனாட்டி: கைம்பெண்டாட்டி என்பதுதான் தேய்ந்து இப்படி ஆனது, இன்று அதை ஆம்பளையைத் திட்டவும் எடுத்துக்கொள்கிறோம். ஓடுகாலி: வீட்டைவிட்டுப் போனவள். வாழாவெட்டி: புருஷனோடு வாழாதவள். ஊர் மேய்கிறவள்: கட்டுத்தறியில் நிற்காதவள். இவற்றில் எதிலும் காசு வாங்கிக்கொண்டு உடலுறவு என்ற பொருளே கிடையாது. ஆடினவள், வேலை செய்தவள், புருஷன் செத்தவள், புருஷனை விட்டு வந்தவள். ஓர் ஆணின் வீட்டுக் கணக்கில் அடங்காத பெண் யாராக இருந்தாலும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருக்கிறோம். பாராட்டைப் பாருங்கள், அதுவும் இதே அளவுகோல்தான்: ‘படி தாண்டாப் பத்தினி’. புகழ்ச்சிக்கும் வசைக்கும் நடுவில் இருப்பது ஒரு வாசற்படி.

அதனால்தான் இந்த வசை தொழில் செய்யும் பெண்ணோடு நிற்பதில்லை. 2005இல் நடிகை குஷ்பு திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி ஒரு வாரப் பத்திரிகையில் கருத்து சொன்னார். அவ்வளவுதான் செய்தார். செருப்பும் துடைப்பமும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள், 23 வழக்கு போட்டார்கள். 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்தது. அந்த மாதங்களில் அவரைப் பற்றி மேடைகளில் பேசியதை இங்கே திருப்பிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர் படியைத் தாண்டியது வாயால் மட்டும்தான்.

ஆணுக்கு என்ன சொல் இருக்கிறது? மைனர். ஜமீன் வாரிசு வயதுக்கு வராதவரை சொத்து சர்க்கார் பொறுப்பில் இருக்கும். கைக்கு வந்ததும் அவன் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்து ஊர் வைத்த பெயர் அது. சட்டச் சொல் செல்லப் பெயராகிவிட்டது. கழுத்தில் போடும் தங்கச் சங்கிலிக்குக்கூட மைனர் செயின் என்று பெயர், நகைக்கடையில் கேட்டு வாங்கலாம். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், தாமே அந்த மரபிலிருந்து வந்து அதை ஒழிக்கப் போராடியவர், 1936இல் எழுதிய நாவலின் தலைப்பு ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’. அவர் நோக்கத்தில் குறையில்லை. ஆனால் தலைப்பில் மொழி எப்படி வேலை செய்கிறது பாருங்கள்: வலை விரித்தவர்கள் தாசிகள், விழுந்து எழுந்து மதி பெற்றவன் மைனர். ஆணைக் காயப்படுத்த வேண்டுமானால் அவன் நடத்தையைச் சொல்லித் திட்டினால் உறைக்காது. ‘தேவடியா மகனே’ என்று அவன் அம்மாவைத்தான் இழுக்க வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ‘வேசை மகன்’ என்பார்கள். கடல் தாண்டினாலும் ஏச்சின் கட்டுமானம் மாறவில்லை.

‘விபச்சாரி’ என்ற சொல்லுக்கே வருகிறேன். வடமொழியில் வியபிசாரம் என்றால் வழி விலகுதல். பரதநாட்டியம் படிக்கிறவர்கள் 33 ‘வியபிசாரி பாவங்கள்’ என்று இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள். வந்து போகும் உணர்ச்சிகள் என்று பொருள், யாரும் அதைச் சொல்ல வெட்கப்படுவதில்லை. தமிழ் பைபிளில் ‘விபசாரம் செய்யாதிருப்பாயாக’ என்பது பத்துக் கட்டளையில் ஒன்று. அது திருமணத்துக்குத் துரோகம் செய்வதைச் சொல்கிறது, ஆணையும் சேர்த்துத்தான் சொல்கிறது. அந்தச் சொல் எங்கள் பத்திரிகை மேசைக்கு வந்து சேர்ந்தபோது ஆண் கழன்றுபோயிருந்தான். விபச்சாரன் என்று யாரையாவது தலைப்பில் பார்த்திருக்கிறீர்களா?

மேசையில் புழங்கும் மொழி தனி ரகம். ‘விபச்சார அழகிகள் கைது.’ ‘மசாஜ் சென்டரில் உல்லாசம்.’ ‘துணை நடிகை சிக்கினார்.’ போலீஸ் வட்டாரத்தில் ‘பிராத்தல் கேஸ்’ என்பார்கள், நாங்கள் அதை அழகியாக்கி விற்போம். நிருபர் அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கவே மாட்டார், இருந்தாலும் அழகி. லாட்ஜ் அறையில் இருந்த ஆணுக்கு ‘வாடிக்கையாளர்’, வயது மட்டும் உண்டு, பல நேரம் அதுவும் இல்லை. இதில் எனக்கு இன்னும் மன்னிக்க முடியாதது ‘உல்லாசம்’. சிறுமியிடம் நடந்த பலாத்காரச் செய்தியில்கூட ‘ஆசை வார்த்தை கூறி உல்லாசம் அனுபவித்தார்’ என்று எழுதுவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படியே விட்டிருக்கிறேன். ‘கள்ளக்காதல்’ இன்னொன்று. கொலைக்குக் காரணம் என்ன என்று விசாரிக்க வேண்டிய வேலையை அந்த ஒரு சொல் மிச்சப்படுத்திவிடும்.

இதையெல்லாம் தட்டிக்கேட்க வேண்டிய இடம் நீதிமன்றம். அங்கேயும் மொழி சுத்தமில்லை. கோயம்புத்தூரிலிருந்து போன ஒரு ஜீவனாம்ச வழக்கில் 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ‘கீப்’ என்ற சொல்லைத் தீர்ப்பிலேயே எழுதியது. தமிழில் நாம் ‘வைப்பு’, ‘வச்சிருக்கான்’ என்கிறோமே, அதேதான், பெண்ணைப் பாத்திரம் பண்டம் மாதிரி வைப்பது. அப்போது கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த இந்திரா ஜெய்சிங் அந்த அமர்வின் முன்னாலேயே எழுந்து ஆட்சேபித்தார். பதின்மூன்று வருஷம் கழித்து, 2023 ஆகஸ்டில், அதே நீதிமன்றம் நீதிபதிகளுக்கென்று ஒரு கையேடு வெளியிட்டது. ‘கீப்’ வேண்டாம், ‘கற்புள்ள பெண்’ வேண்டாம், பெண் என்றால் போதும். ‘பிராஸ்டிட்யூட்’ வேண்டாம், பாலியல் தொழிலாளி என்று எழுதுங்கள் என்றது.

உங்கள் கேள்விக்கு நேராக வரும் இடம் இதுதான். அந்தக் கையேட்டுக்கு எதிர்ப்பு வந்தது, பழமைவாதிகளிடமிருந்து அல்ல. ஆள்கடத்தலில் சிக்கிய பெண்களுக்காக வேலை செய்யும் அமைப்புகள் எழுதின: கட்டாயப்படுத்திக் கொண்டுவரப்பட்டவளைத் ‘தொழிலாளி’ என்றால் அவளே விரும்பி வேலைக்குச் சேர்ந்த மாதிரி ஆகிவிடுகிறதே என்று. நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டு, கடத்தப்பட்டவர் யார், தாமே ஈடுபட்டவர் யார், கட்டாயத்தில் சிக்கியவர் யார் என்று பிரித்துச் சொல்லும்படி மாற்ற ஒப்புக்கொண்டது. நல்ல விவாதம் அது. எந்தச் சொல் மரியாதையானது என்ற கேள்வி, எது உண்மை என்ற கேள்வியாக மாறியது.

தொழிலில் இருப்பவர்களும் ஒரே குரலில் பேசுவதில்லை. நளினி ஜமீலா 2005இல் மலையாளத்தில் தன் வரலாற்றைப் பாலியல் தொழிலாளி என்றே தலைப்பிட்டு வெளியிட்டார். மகாராஷ்டிரத்தின் சாங்க்லியில் 1990களில் தொடங்கிய அமைப்பு ‘வேஷ்யா அன்யாய் முக்தி பரிஷத்’ என்று பெயர் வைத்துக்கொண்டது. வேஷ்யா என்றால் வேசி. வசையையே பெயர்ப்பலகையில் எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் பெண்கள் தங்களுக்குள் ‘தொழில்’ என்பார்கள், ‘தொழிலுக்குப் போறேன்’, அவ்வளவுதான். சேலையோ மீனோ விற்கிறவள் சொல்வது மாதிரியே இருக்கும். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் நேர்த்தியாகப் படுகிறது, ஆனால் தலைப்பில் அது ஓடாது.

ஆக, எந்தச் சொல்லும் நிரந்தரமாகச் சுத்தமாக இருக்காது. கோபம் வந்தவன் எதையும் வசையாக்குவான், அவனை நிறுத்த என்னால் ஆகாது. ஆனால் எஃப்.ஐ.ஆர், தீர்ப்பு, செய்தி, ஆஸ்பத்திரிச் சீட்டு இவை டீக்கடைப் பேச்சு அல்ல. அங்கே எழுதும் சொல்லுக்குப் பின்னால் அதிகாரம் இருக்கிறது. இந்தியாவில் வயது வந்த பெண் தன் விருப்பத்தில் இதைச் செய்வது குற்றமில்லை. 1956ஆம் ஆண்டு விபச்சாரத் தடுப்புச் சட்டம் தண்டிப்பது விடுதி நடத்துவதை, பெண்ணின் வருமானத்தில் பிழைப்பதை, பொது இடத்தில் அழைப்பதை, இப்படிச் சிலவற்றை. ‘விபச்சாரி கைது’ என்று எழுதியதும் இந்த வேறுபாடு வாசகர் மனத்திலிருந்து மறைந்துபோகிறது, ஸ்டேஷனில் இருப்பவர் மனத்திலிருந்தும்தான். 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் திரும்ப அழுத்திச் சொன்னது: விடுதிச் சோதனையில் இந்தப் பெண்களைக் கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது, ஊடகங்கள் அவர்களுடைய அடையாளத்தை வெளியிடக் கூடாது, மீட்புக் காட்சி என்ற பெயரில் படம் போட்டால், பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பதற்கு எதிராக அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த 354சி பிரிவு பாயும் என்று. ஒரு கொலை வழக்கிலிருந்து கிளம்பிய உத்தரவு அது. கொல்கத்தாவில் 1999இல் ஒரு பெண்ணை அடித்தே கொன்றிருந்தார்கள்.

அப்புறம், நீங்கள் எழுதுகிறவராக இருந்தால் நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில், அவளுடைய தொழில் செய்திக்குத் தேவையா என்று பார்ப்பேன். பஸ் மோதி இறந்த பெண்ணின் செய்தியில் அது எதற்கு? தேவையென்றால் பாலியல் தொழிலாளி. பதினெட்டு வயது ஆகாதவள் என்றால் அந்தச் சொல் கூடவே கூடாது, அவள் பாதிக்கப்பட்ட சிறுமி. ‘மாமா’ என்ற கேலிப் பெயரை எடுத்துவிட்டுத் தரகர் என்று எழுதுவேன், பணம் அவனிடம்தான் போகிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும். பழைய நூலிலும் கல்வெட்டிலும் இருக்கும் பரத்தை, கணிகை, தேவரடியார் எதையும் தொடமாட்டேன். அவை அந்தந்தக் காலத்துப் பெயர்கள், பொருள் தெரிந்து படித்தால் போதும்.

ஒருமுறை ‘3 அழகிகள் மீட்பு’ என்று வந்த செய்தியை, ‘லாட்ஜ் மேலாளர், தரகர் கைது, 3 பெண்கள் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டனர்’ என்று மாற்றிவைத்தேன். இரவுப் பொறுப்பில் இருந்தவர் வந்து பார்த்தார். “என்ன சார், செய்தியே இல்லையே இதில்?” என்றார். படித்துப் பார்த்தேன், அவர் சொன்னது சரிதான். லாட்ஜ் யாருடையது என்றுகூட எங்கள் நிருபர் விசாரித்திருக்கவில்லை.